இரண்டு மாத்திரை மிச்சம்

டாக்டர் அவினோ, உயோமாக்காரிக்கு ஐந்நூறு ஷில்லிங் தர வேண்டியிருக்கிறது. கொடுக்க மனமில்லாமல் நின்றுபோன கடன் இல்லை இது. வாங்க வேண்டியவள் கை நீட்டவில்லை, அவ்வளவுதான். பதினொரு வருஷமாக நூறு ஷில்லிங் நோட்டுகள் ஐந்து ஒரு பழுப்பு உறைக்குள் டாக்டரின் கைப்பையில் கிடக்கின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை காலை, இரவெல்லாம் ஏரியில் கிடந்த படகுகள் கரையேறும் நேரம் பார்த்து ஜீப்பிலிருந்து இறங்குவார். உதடு அசைய அசையப் படகுகளை எண்ணுவார். ஒமெனாப் பொடிமீன் வெள்ளி வெள்ளியாகக் காயும் வலைகளை ஒதுக்கி நடந்து, உயோமாக்காரி குந்தி மீன் பரப்பும் இடத்தில் போய் நிற்பார்.

"மீன் வாங்க வந்தீங்களா, பேச வந்தீங்களா டாக்டரம்மா?" என்பாள் அவள், தலை நிமிராமல்.

டாக்டர் ஒரு டின் காய்ந்த மீன் வாங்குவார். சில்லறை பிசகாமல் கொடுப்பார். உறை பையிலேயே திரும்பிப் போகும்.

ஆள் குள்ளம். ஐம்பத்தெட்டு வயது. ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், டயர் செருப்பு. படித்த படிப்பையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அவரைவிட உயரமாக நிற்கும். ஆனால் அவருடைய தொழிலை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: எண்ணுவது. இளம் டாக்டராக இந்த ஜில்லாவுக்கு வந்த காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்கு அடியில் ஒருவர். என்ன நோய் என்று எந்த வீட்டிலும் வாயைத் திறக்க மாட்டார்கள். டைபாய்டு என்பார்கள், மலேரியா என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரன் வைத்த சூனியம் என்பார்கள். அவினோ மனிதர்களைக் கேட்பதை விட்டார். நெடுஞ்சாலை ஓரத் தச்சர்களிடம் சைக்கிளில் போய், இந்த வாரம் எத்தனை சவப்பெட்டி விற்றது, அதில் எத்தனை ஆறடி, எத்தனை மூன்றடி என்று எண்ணி எழுதினார். அதுதான் அவருடைய முதல் ஆராய்ச்சி. வெளிநாட்டில் அச்சானது. எச்.ஐ.வி. இந்த ஏரிக்கரையைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதை அந்தத் தச்சர்களின் கணக்கை வைத்துத்தான் பெரிய ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஆறு படகுக்குச் சொந்தக்காரர் ஆனவர்கள் இங்கே உண்டு. காற்றின் வாசனையில் மழை சொல்லும் ஆட்கள். நைரோபியிலிருந்து யாராவது ஏமாற்ற வந்தால் போட்டிருக்கும் செருப்பையும் இங்கே விட்டுவிட்டுப் போவான். ஆனால் அதே கரையில்தான் ஜபோயா என்கிற வழக்கமும் இருக்கிறது. மீன் விற்கும் பெண்ணுக்குப் படகுக்காரன் மீன் கொடுக்க வேண்டுமானால், காசு மட்டும் போதாது. அவள் அவன் குடிசைக்கும் போக வேண்டும். பெருமையோடு பெருமையாக இதையும் மறைக்காமல் சொல்வதுதான் நியாயம். சவப்பெட்டிகள் போன வழி அதுதான்.

அதனால்தான் டாக்டர் அவினோ மாத்திரை ஆராய்ச்சிக்கு இந்தக் கரைப் பெண்களைத் தேர்ந்தார். நோய் வராதவர்கள் தினம் ஒன்று விழுங்கினால் நோய் ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் கைநாட்டு வைத்தார்கள். அவர்களில் ஒருத்தி உயோமாக்காரி. இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவளைப் பிறந்த ஊர் சொல்லித்தான் கூப்பிடுவது. புருஷன் ஏரியில் போனபின் அவளும் அவள் மகள் அகெயோவும் மட்டும். அகெயோவுக்கு அப்போது ஏழு வயது.

முப்பது மாத்திரை ஒரு டப்பா. இருபத்தெட்டாம் நாள் வர வேண்டும். இரண்டு மிச்சம் இருக்க வேண்டும். டாக்டர் வேறு யாரையும் நம்பாமல் தானே ஒரு நீலத் தட்டில் கொட்டி, சின்னக் கத்தியால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவார். இரண்டு இருந்தால் ரத்தம் எடுத்து, வந்துபோன செலவுக்கு ஐந்நூறு கொடுத்து, உடனே அனுப்பிவிடுவார். மூன்றோ நான்கோ இருந்தால் ஒரு மணி நேரம் உட்கார வைத்து அறிவுரை. அதற்குள் படகு வந்து மீன் விற்றுப் போயிருக்கும். அடுப்பு எரியாது.

இரண்டு மாதத்தில் கரை முழுக்கக் கற்றுக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் பெண்கள் மடியில் மாத்திரையைக் கொட்டி ஒருவருக்கொருவர் எண்ணிப் பார்ப்பார்கள். கூடுதலாக இருப்பவள் மண்ணில் புதைப்பாள். குறைந்தவள் பக்கத்தில் கடன் வாங்குவாள். உள்ளே போகும்போது எல்லா டப்பாவிலும் இரண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் ஒழுங்காக விழுங்குகிறார்கள் என்று டாக்டர் ஜெனீவாவில் மேடை ஏறிச் சொன்னார். ஒரு நாள்கூடத் தவறாத பெண் ஒருத்தி என்று உயோமாக்காரியைப் பெயர் சொல்லாமல் சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

முடிவில் சேமித்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தார்கள். ஐந்தில் நான்கு பேர் ரத்தத்தில் மருந்தின் சுவடே இல்லை. முப்பத்தொரு பேருக்கு நோய் வந்திருந்தது. உயோமாக்காரிக்கும்.

ஏன் விழுங்கவில்லை என்பது பிறகு கசிந்து வந்தது. டப்பாவை இடுப்பில் முடிந்து நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். கேட்டவன் இவளுக்கு நோய் என்று முடிவு கட்டுவான். அதற்கப்புறம் எந்தப் படகிலும் மீன் கிடையாது. நோயைத் தடுக்கிற மாத்திரை, நோய்க்காரி என்ற பேரை வாங்கிக் கொடுத்தது.

கடைசி நாள், முடிவை டாக்டர் வாயால் கேட்டுவிட்டு உயோமாக்காரி எழுந்தாள். மேஜைமேல் ஐந்நூறு ஷில்லிங். பதிவேட்டில் விரல் வைக்க வேண்டிய கட்டம். இரண்டையும் தொடாமல் போய்விட்டாள். அப்போது அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம். பிறந்த பையன் பதினான்கு மாதம்தான் இருந்தான்.

டாக்டர் எழுதிய கட்டுரையில் ஒரு வரி இருந்தது: பங்கேற்ற பெண்கள் உண்மையைச் சொல்லவில்லை. உலகம் பூராவும் அந்த வரியைத்தான் எடுத்துப் பேசினார்கள். அவருக்குப் பரிசு வந்தது, பதவி வந்தது. நீலத் தட்டை மட்டும் அவர் அதற்குப்பின் கையால் தொடவில்லை. இப்போது அந்த மாத்திரைக்குப் பதிலாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் தடுப்பு ஊசிக்காக அலைகிறார். "ஊசி சத்தம் போடாது" என்பதுதான் கரைப் பெண்களிடம் அவர் செய்கிற பிரசங்கம் முழுவதும். பட்டியலில் அகெயோவின் பெயரும் இருக்கிறது. முறை வர இன்னும் ஐந்து மாதம்.

போன மாதம் செவ்வாய்க்கிழமை டாக்டர் மீன் கேட்கவில்லை. உயோமாக்காரிக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார். நல்ல பாவாடை அழுக்காகும் என்று யாரோ சாக்கு கொண்டுவந்து போட்டார்கள். அதையும் கவனிக்கவில்லை.

"நான் ஒண்ணு எழுதிட்டேன். உங்களைப் பத்தி. அது தப்பு."

"என்ன எழுதினீங்க? எங்களுக்கு யார் படிச்சுச் சொன்னா?"

"நீங்கள்லாம் பொய் சொன்னீங்கன்னு."

உயோமாக்காரி ஒரு கை மீனைப் புரட்டிப் போட்டாள். ஒட்டியிருந்த சருகை ஊதித் தள்ளினாள். "ரெண்டு மிச்சம் இருக்கான்னு கேட்டீங்க. ரெண்டு இருந்துச்சு. முழுங்கினியான்னு ஒரு நாளும் கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருக்க மாட்டேன்." இன்னொரு கை மீன். "சொல்லலாமான்னு யோசிச்சாவது இருப்பேன்."

அந்த நேரம் கடைசிப் படகு கரை தட்டியது. பெண்கள் மீன் அள்ளும் பேசினைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடினார்கள். அகெயோவும் ஓடினாள். பதினெட்டு வயது. வலையை உதறிக்கொண்டிருந்த படகுக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான்.

"காசு இருந்தா இப்பவே எண்ணு அகெயோ. இல்லேன்னா சாயங்காலம் குடிசைக்கு வா, கணக்குப் பேசிக்கலாம். உங்கம்மாவுக்கு வழி தெரியும், கேட்டுக்கோ."

சுற்றியிருந்த சிலர் சிரித்தார்கள். அகெயோ காலிப் பேசினோடு திரும்பித் தாயைப் பார்த்தாள். உயோமாக்காரியிடம் அன்று காலை இருந்தது நாற்பது ஷில்லிங். அவள் அதை எண்ணி முடிந்ததை டாக்டர் வந்தபோதே பார்த்திருந்தார். ஒரு பேசின் மீன் ஐந்நூறு என்பதும் அவருக்குத் தெரியும்.

உயோமாக்காரி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "டாக்டரம்மா, அந்த உறையை எடுங்க."

டாக்டர் உறையோடு பர்ஸையும் சேர்த்து எடுத்தார். "இன்னும் இருக்கு. இதையும்..."

"எனக்கு வர வேண்டியது ஐநூறு. அதுக்கு மேல குடுத்தா அது வேற கணக்கு. அந்த மாதிரிக் கணக்கை இந்தக் கரையில நிறையப் பாத்தாச்சு." மகளைக் கூப்பிட்டு அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையை மேல்பக்கம் திருப்பினாள். "இவ கையில எண்ணுங்க. இன்னிக்கு ஒரு நாள் இவ காசு குடுத்து மீன் வாங்கட்டும்."

நாளைக்கு? என்று டாக்டரின் உதடு அசைந்தது. ஈரமான அந்த உள்ளங்கையில் மீன் செதில்கள் ஒட்டி மினுங்கின. தட்டு இல்லை, கத்தி இல்லை. ஒவ்வொரு நோட்டாக வைத்தார். ஒன்று. இரண்டு. அங்கே ஒரு கணம் நின்றார். மூன்று. நான்கு. ஐந்தாவது நோட்டு விழும்வரை உயோமாக்காரி மகளின் மணிக்கட்டை விடவில்லை.