ஒப்பேராவில் அப்பா

ஒப்பேரா என்கிற மேற்கத்தைய இசைநாடகத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள், நாலு பேர் முன் பேசவும் கூச்சம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து எழுதுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் ஊரை விட்டு வெளிநாடு வந்து நோபல் பார்க்கில் இருந்தபோது எனக்கு எட்டு வயது. சனிக்கிழமைகளிலும் ஓவர்டைம் என்று அப்பா போகத் தொடங்கினார். திரும்பி வரும்போது கண்ணோரம் மை ஒட்டியிருந்தது. குசினியில் கோப்பை கழுவும்போது ஏதோ ஒரு புது மெட்டை முனகினார். அம்மா அவர் கழற்றிப்போட்ட சேட்டை எடுத்து மோந்து பார்த்தாள். பவுடர் மணம். தொழிற்சாலையில் பவுடர் எதற்கு?

பக்கத்து வீட்டு அன்ரி வேறு வந்து, "உம்மட மனுசனைச் சிற்றியில, தியேட்டர் பின்வாசலில ஒரு வெள்ளைக்காரியோட கண்டனான். நல்லாச் சிரிச்சுக் கதைச்சவை" என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஆறுதலாகக் குடித்து முடித்தார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். பின்வாசலில் எங்களை விடவில்லை. டிக்கெட் வாங்கி மேல்மாடியில் கடைசி வரிசையில் இருந்தோம். அம்மா மேடையைப் பார்க்கவில்லை. கீழே இருந்த பெண்களின் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

எத்தனை வயலின்கள்! நுளம்பின் ரீங்காரம் போல மெல்லத் தொடங்கி, ஏறி ஏறி, கதிரை அதிரும்வரை வந்தன. கதையில் முக்கியமானவர்களுக்கு ஆளுக்கொரு மெட்டு. ஆள் வருமுன்னரே மெட்டு வந்துவிடும். நஞ்சு குடித்த கதாநாயகி சாகாமல் நெடுநேரம் பாடினாள்.

"சாகிறவளுக்கு இவ்வளவு மூச்சு எங்கையிருந்து வருது?" என்றாள் அம்மா.

அப்போது கொம்பு வாத்தியங்கள் முழங்கி எழுந்தன. அப்பா முனகும் அதே மெட்டு. அம்மா என் கையை இறுக்கினாள். இனி அந்தப் பெண்தான் வரப்போகிறாள் என்று நினைத்திருப்பாள். வந்தவர்கள் சிப்பாய்கள். பச்சை உடுப்பும் சப்பாத்தும் துவக்குமாக, அவர்களுக்கு நடுவில் அப்பா. "அப்பா!" என்று கத்தப்போன என் வாயை அம்மா பொத்தினாள்.

முடிந்ததும் பின்வாசலில் காத்து நின்றோம். எங்களைக் கண்டு அப்பா திடுக்கிட்டார்.

"வேலையில ஒருத்தன்தான் கூட்டிக்கொண்டு வந்தவன். பாடத் தேவையில்லை, சும்மா நிக்கிறதுதான். சொன்னா நீர் சிரிப்பீர் எண்டு விட்டிட்டன். பொம்பிளை ஒருத்தியும் இல்லையப்பா, மை பூசிவிடுறவ மட்டும்தான். அவ்வளவு வாத்தியமும் ஒண்டா எழும்பேக்க பக்கத்தில நிக்கோணும் போல கிடந்தது."

"பொம்பிளையெண்டா சண்டை பிடிச்சிட்டு விட்டிருப்பன்" என்றாள் அம்மா. "அந்த உடுப்பை எப்பிடி உங்களால போட முடிஞ்சுது?"

"நாடகம்தானே…"

அம்மா ரயில் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள். எனக்கோ ஒரே சந்தோசம். வேறு பெண் இல்லை. அப்பாவும் அவ்வளவு பெரிய மேடையில் நிற்கிறார். ரயில் மேடையில் நெஞ்சை நிமிர்த்தி, குடையைத் துவக்குப் போலத் தோளில் வைத்து அம்மாவுக்கு நின்று காட்டினேன். அம்மா கன்னத்தில் அறைந்தாள். அவள் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை.

அவளுடைய தம்பியை ஊரில் அப்படி உடுத்தவர்கள்தான் வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள் என்பதோ, அவர் திரும்பி வரவேயில்லை என்பதோ எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்கு இசை பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீட்டில் நின்று, எந்த மெட்டையும் முனகாமல் புல் வெட்டினார்.