மிஸ்டர் பேக்கர் தொலைத்த பர்ஸ்

மிஸ்டர் பேக்கர் முதன்முதலாகப் பர்ஸைத் தொலைத்தது ஒரு டாக்ஸியில். அப்போது லுவோ டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஹூனான் மாகாணத்தின் மலையோரச் சிற்றூர் ஒன்றில், மூன்றாம் நடுநிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை அவர். எட்டாம் வகுப்பு மாதத் தேர்வுக்கு ஒரு வாசிப்புப் பத்தி எழுதச் சொன்னார்கள். பத்திக்கு அடியில் நான்கு கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். ஒரு வெள்ளைக்காரரை நுழைத்தால்தான் அது ஆங்கிலம் மாதிரி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்தவர்தான் பேக்கர்.

பிறந்த நாளிலிருந்து அந்த மனிதர் தொலைத்துக்கொண்டே இருந்தார். ரயில் நிலையத்தில் குடை, பூங்காவில் கேமரா, ஒரு வருடம் சந்தையில் தன் குழந்தையையே தொலைத்தார். ஒவ்வொரு முறையும் நல்ல மனம் படைத்த சீனர் ஒருவர் தேடிக்கொண்டு வந்து கொடுப்பார். பேக்கர் கண்கலங்குவார். பணம் நீட்டுவார், மறுப்பார்கள். கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து டம்ப்ளிங் கொழுக்கட்டை சாப்பிடுவார்கள். இவ்வளவு பொருள் தொலைக்கிற ஆளுக்கு எந்தத் தூதரகமும் விசா கொடுத்திருக்காது. ஆனால் மாவட்டத் தேர்வுக் குழுவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. ஆண்டுதோறும் வரவழைத்தார்கள்.

லுவோ டீச்சரின் உண்மையான புகழ் பேக்கரால் வந்ததல்ல, உத்திகளால் வந்தது. முதலில் பத்தியைப் படிக்காதே, கேள்வியைப் படி. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று வரும் விடை தப்பு. நான்கில் எது நீளமோ அதைக் கொஞ்சம் மரியாதையோடு பார். ஒன்றும் புரியவில்லையா, சி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. வாசிப்பு என்ற பெயரில் நடந்த அந்தப் பாடத்தில், விட்டொழிக்க வேண்டிய ஒரே கெட்ட பழக்கம் வாசிப்பதுதான்.

அந்தக் கெட்ட பழக்கம் எட்டாம் வகுப்பு மூன்றாம் பிரிவில் பான் ருய் என்ற பெண்ணுக்கு இருந்தது. ஜன்னலோரக் கடைசி வரிசை. பத்தியின் முதல் வரியில் தொடங்கி, விரல் வைத்து, கடைசி வரி வரை போவாள். அதற்குள் மற்ற பிள்ளைகள் இரண்டு பத்திகளை முடித்திருப்பார்கள். மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். ஒருநாள் எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், மிஸ்டர் பேக்கருக்கு வீட்ல யாருமே இல்லையா? எப்பவும் தனியாவே வர்றாரே?"

"கேள்வியில அது இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"அப்போ அவருக்கு யாரும் இல்ல. உட்காரு."

லுவோ டீச்சர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு வெள்ளைக்காரரிடம் நேரில் மாட்டியிருக்கிறார். சாங்ஷா ரயில் நிலையத்தில், கழிப்பறை எங்கே என்று அவர் கேட்டார். டீச்சரின் மூளையில் நான்கு விடைகள் வரிசையாக எழுந்து நின்றன. இரண்டை நீக்கினார். மிச்சமிருந்த இரண்டில் எது சிறந்தது என்று ஒப்பிட்டு முடிப்பதற்குள் அந்த மனிதர் கால்களை நெருக்கிக்கொண்டு ஓடிப்போயிருந்தார்.

வீட்டிலும் அதே கதைதான். ராத்திரி என்ன சமையல் என்று கணவர் பெங் கேட்டால், "முட்டை, கத்திரிக்காய், நேத்து மீந்த மீன், இல்ல வெளியில போய் சாப்பிடறது" என்பார். பெங் டாக்ஸி ஓட்டுபவர். கன்னத்தில் எப்போதும் ஒரு பாக்கு ஒதுங்கியிருக்கும்.

"உன்கூடக் குடும்பம் நடத்தறதே பரீட்சை எழுதற மாதிரி இருக்குடி. இத்தனை வருஷமா டாக்ஸி ஓட்டறேன், ஒரு வெள்ளைக்காரனும் என் வண்டியில பர்ஸை விடல. உன் பேக்கரை ஒருதடவை நம்ம ஸ்டாண்டுக்கு அனுப்பு பாப்போம்."

"அனுப்பினா நீ திருப்பிக் குடுப்பியா?"

"அதுக்கும் நாலு விடை இருக்கு" என்றார் பெங்.

அந்த வசந்தத்தில் டீச்சருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: 'முதுநிலை ஆசிரியர்' பட்டம். ஐம்பத்தைந்தில் ஓய்வு, அதற்குள் இது கடைசி வாய்ப்பு. விண்ணப்பித்து விண்ணப்பித்து ஒவ்வொரு முறையும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற புன்னகையோடு திரும்பி வந்தவர். அவரிடமே படித்த மெங் ஜிங் இப்போது ஆங்கிலத் துறைத் தலைவி. அவளுக்குப் பட்டம் வந்துவிட்டது. ஆசிரியர் அறைக் கதவில் பெயர்ப் பலகை மாட்டிவிட்டார்கள். தினமும் காலையில் ஊறுகாய்ப் பயற்றங்காய் போட்ட அரிசி நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, தேநீர்க் குடுவையோடு அந்தப் பலகையைத் தாண்டித்தான் லுவோ டீச்சர் உள்ளே போகவேண்டும். அதில் 'முதுநிலை' என்ற எழுத்துகள் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருப்பதாக அவருக்குத் தோன்றும். அளந்து பார்த்தால் அப்படி இருக்காது. ஆனால் யார் அளப்பார்கள்?

பட்டத்துக்கு ஒரு திறந்த வகுப்பு நடத்திக் காட்டவேண்டும். நகரத்திலிருந்து நிபுணர்கள் வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். திறந்த வகுப்பு என்றால் எந்தப் பள்ளியிலும் என்ன செய்வார்களோ அதையேதான் லுவோ டீச்சரும் செய்தார்: ஒத்திகை. மூன்றாம் பிரிவுக்கு அந்த மாதம் முழுக்க ஒரே பத்தி. பேக்கர் பர்ஸைத் தொலைக்கிறார், துப்புரவுத் தொழிலாளி ஒருவர் கொண்டுவந்து கொடுக்கிறார். விடைகள் பி, ஏ, டி, சி. பிள்ளைகள் அதைத் தூக்கத்தில்கூடச் சொன்னார்கள். விடுதிக் காப்பாளர் வந்து புகார் செய்தார்.

"கேள்வி கேட்டதும் எல்லாரும் கையத் தூக்கணும், புரியுதா? விடை தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. நான் வலது கைக்காரங்களைத்தான் எழுப்புவேன். மூணாவது கேள்விக்கு ஒருத்தன் தப்பா சொல்லணும், நான் திருத்தணும். அப்பதான் நிஜ வகுப்பு மாதிரி இருக்கும். யாரு தப்பா சொல்றீங்க?"

இருபது பேர் ஆசைப்பட்டார்கள். ஆனால் தப்பு என்பது சரியான நேரத்தில், தெளிவான குரலில், நம்பும்படி சொல்லப்பட வேண்டிய ஒன்று. அதை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைத்துவிட முடியாது. கடைசியில் வகுப்பின் முதல் மாணவன் ஷே வெய்க்கு அந்தப் பொறுப்பு போனது. 'ஏ' என்று சொல்லி, தலையைச் சொறிந்து, வெட்கப்பட வேண்டும். வெட்கம் மட்டும் அவனுக்குச் சரியாக வரவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் பழகினான்.

பான் ருய்யை அன்றைக்கு நூலகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றாள் மெங் ஜிங். ஆனால் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் வகுப்பை எடுக்கும் வீடியோவில் அசிங்கமாகத் தெரியும் என்றார் முதல்வர். இடது கையைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தால் போதும் என்று அவளிடம் சொல்லப்பட்டது. அவள் சரி என்றாள்.

அந்த நாளும் வந்தது. கூடத்து வாசலில் சிவப்புப் பதாகை, மேடையில் பிளாஸ்டிக் பூக்கள், பின்வரிசையில் நிபுணர்கள். அவர்களில் தலைவர் யின் என்பவர், வழுக்கையும் பணிவும் நிறைந்தவர். பாடம் தொடங்கும் நேரத்தில் எழுந்து வந்து ஒரு காகிதத்தை நீட்டினார்.

"லுவோ டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இப்பல்லாம் ஒத்திகை பாத்துட்டு வகுப்பு நடத்தறாங்கன்னு மேலிடத்துல ஒரே புகார். அதனால ஒரு புது பத்தி கொண்டுவந்திருக்கோம். இதையே நடத்திடுங்க. உங்களுக்கென்ன, அனுபவசாலி!"

முதல்வரின் முகம் வேகவைத்த பன்றிக் குடல் நிறத்துக்கு மாறியது. பத்தியும் கேள்விகளும் அடங்கிய பிரதிகள் பிள்ளைகள் கைக்குப் போயின. லுவோ டீச்சருக்கு அதைப் படிக்க நேரமில்லை. படித்திருந்தாலும் எழுத்துகள் கண்ணில் நிற்காமல் எறும்புகளாக ஓடியிருக்கும். கையில் ரிமோட் இருந்தது. திரையில் அவருடைய பழைய படங்களே இருந்தன: பச்சை டிக், கைதட்டும் பொம்மை, பி, ஏ, டி, சி.

"முதல் கேள்வி" என்றார். அவருடைய குரல் அவருக்கே பக்கத்து அறையிலிருந்து கேட்டது.

கைகள் எல்லாம் எழுந்தன. வயலில் ஒரே நேரத்தில் எழும் கொக்குக் கூட்டம்போல வலது கைகள். ஒருத்தி எழுந்து "பி" என்றாள். திரையில் பச்சை டிக். பொம்மை கைதட்டியது. அடுத்தவன் "ஏ". டிக். மூன்றாவதற்கு ஷே வெய் எழுந்தான். ஒரு கணம் கையிலிருந்த தாளைப் பார்த்தான், முகம் கோணியது. ஆனால் கடமை கடமைதான். "ஏ" என்றான். தலையைச் சொறிந்தான்.

"இன்னும் நல்லா யோசிக்கணும் கண்ணா" என்றார் லுவோ டீச்சர், கனிவாக.

பக்கத்துப் பெண் எழுந்து "டி" என்றாள். டிக். பின்வரிசையில் பேனாக்கள் திருப்தியோடு ஓடின.

கடைசிக் கேள்வி சி-யோடு முடிந்து, இந்தப் பத்தியிலிருந்து நாம் கற்றது என்ன என்ற கட்டம் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து ஆங்கிலத்தில் ஒப்பித்தார்கள். பிறருக்கு உதவ வேண்டும். நேர்மை வேண்டும். கிடைத்த பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டும். நிபுணர் யின் தலையசைத்தார். அவரும் அந்தப் பத்தியைப் படித்திருக்கவில்லை; உதவியாளர் வரும் வழியில் காரில் தேடி எடுத்தது.

அப்போது ஜன்னலோரம் ஒரு வலது கை எழுந்தது. பான் ருய்.

லுவோ டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். அது அதுவரை எழுந்ததே இல்லை. பார்க்காத மாதிரி நன்றி சொல்லி வகுப்பை முடித்திருக்கலாம். மணி அடிக்கும் நேரமும் நெருங்கிவிட்டது. பின்வரிசை முழுக்கத் திரும்பி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது முடியவில்லை.

"சொல்லு."

ஆங்கிலத்தில் அல்ல, ஊர்ப் பேச்சிலேயே கேட்டுவிட்டாள். "டீச்சர், இதுல கரடி செத்துப்போச்சு. நாம ஏன் பர்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு இருக்கோம்?"

கூடத்தில் யாரோ இருமினார்கள். லுவோ டீச்சர் அப்போதுதான் தாளைப் பார்த்தார். சின்னப் பத்தி. ஹாரி என்ற முதியவர் ஒவ்வொரு ஞாயிறும் மிருகக்காட்சிசாலைக்குப் போவார், கரடிக் கூண்டின் முன் நிற்பார், திரும்பிவிடுவார். குளிர்காலத்தில் கரடி செத்துவிடுகிறது. அடுத்த ஞாயிறும் அவர் டிக்கெட் எடுக்கிறார். ஐயா, கரடி செத்துப்போச்சே என்கிறாள் டிக்கெட் கொடுக்கிற பெண். தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். அவ்வளவுதான். டம்ப்ளிங் எதுவும் இல்லை.

டீச்சர் இரண்டாம் தடவை படித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். வேறு வழி தெரியாமல், முதன்முதலாக, விடை தெரியாத ஒரு கேள்வியை அவர் வகுப்பில் கேட்டார்.

"அப்போ அந்த ஆள் ஏன் திரும்ப டிக்கெட் வாங்கினாரு?"

"தெரியல டீச்சர்." பான் ருய் யோசித்தாள். "ஞாயித்துக்கிழமை வந்துடுச்சு. வேற எங்க போவாரு?"

மணி அடித்தது. உட்காரு என்று சொல்லக்கூட லுவோ டீச்சர் மறந்துபோனார்.

வகுப்பு முடிந்ததும் ஷே வெய் ஓடிவந்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. "டீச்சர், மூணாவதுக்கு ஏ-தான் சரி! சொல்லப்போறப்பதான் பாத்தேன். தப்பா சொல்லச் சொன்னீங்க, சரியா சொல்லிட்டேன். வேணும்னு செய்யல!"

"பரவாயில்ல போ. யாரும் கவனிக்கல."

முடிவு ஜூன் மாதத்தில் வந்தது. முதல்வர் அறையில் மெங் ஜிங் அறிக்கையைப் படித்துக் காட்டினாள், முடிந்த அளவு மெல்ல.

"'மாணவர்களின் பங்கேற்பு இயல்பாகவும் துடிப்பாகவும் இருந்தது. பத்தியின் நன்னெறி ஆழமாகப் பதிந்திருக்கிறது...' இதெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காங்க லுவோ டீச்சர்."

"அப்புறம்?"

"'ஆனால் இறுதியில் ஒரு மாணவி எழுப்பிய கேள்வி முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டது என்பது வெளிப்படை. எட்டாம் வகுப்புப் பிள்ளை அப்படிக் கேட்க வாய்ப்பில்லை. ஒத்திகை பார்த்த இத்தகைய செயற்கைத்தனத்தைத் தவிர்க்க வேண்டும்.'" மெங் ஜிங் காகிதத்தை மடித்தாள். "அதுல மார்க்கைக் குறைச்சுட்டாங்க."

முதல்வர் குவளை மூடியைத் திறந்து மூடினார். "அந்தப் பொண்ணை நூலகத்துக்கே அனுப்பியிருக்கலாம்" என்றார், நாற்காலியைப் பற்றிப் பேசியதே தான் அல்ல என்பதுபோல.

லுவோ டீச்சர் சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு நிறுத்த முடியாமல். மெங் ஜிங் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அன்று ராத்திரி பெங் கேட்டார், "பட்டம் வந்துச்சா?"

"வரல. நான் ஒத்திகை பாக்காத ஒரே ஒரு இடம் இருந்துச்சு. ஒத்திகை பாத்துட்டேன்னு அதுக்குத்தான் மார்க்கைக் குறைச்சுட்டாங்க."

பெங் பாக்கைத் துப்பிவிட்டு, அபூர்வமாக, தானே எழுந்துபோய்க் கத்திரிக்காய் வதக்கினார். உப்பு அதிகம். அதைச் சொல்லாமல் சாப்பிட்டார் டீச்சர்.

பருவ இறுதித் தேர்வுக்கு, வழக்கம்போல, அவரையே பத்தி எழுதச் சொன்னார்கள். அவர் பேக்கரை விமான நிலையத்துக்கு அனுப்பினார். பேக்கர் ஒரு சின்னப் பெட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எதையும் தொலைக்கவில்லை, யாரும் எதையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை, விமானம் வந்தது, ஏறிப்போனார். கடைசிக் கேள்வி: பேக்கர் ஏன் நாடு திரும்பினார்? நான்கு விடைகளையும் டீச்சர் ஒரே நீளத்தில் எழுதினார். நீளத்தை நம்பியிருந்த மாவட்டமே தடுமாறியது. பெரும்பாலானோர் சி போட்டிருந்தார்கள்: பிறருக்கு உதவுவதற்காக.

விடைத்தாள் திருத்தும்போது மெங் ஜிங் ஒரு தாளை நீட்டினாள். "பாருங்க, உங்க ஆளு." பான் ருய் நான்கு விடைகளுக்கும் கீழே தானாக ஒரு 'ஈ' போட்டு, தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: தொலைக்க அவரிடம் இனி எதுவும் இல்லை.

"ஈ-ன்னு ஒரு விடையே கிடையாதே லுவோ டீச்சர். பூஜ்யம்தானே?"

"இருந்திருக்கணும்" என்றார் லுவோ டீச்சர். சிவப்புப் பேனாவால் முழு மதிப்பெண் போட்டார். அடுத்த ஆண்டுப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய அவசியம் இனி இல்லாததால், மெங் ஜிங்கின் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை. அடுத்த தாளை எடுத்தார். அதில் சி.