அவருடைய டெஸ்ட்

இரண்டாவது முறையும் ஐ.வி.எஃப். தோற்ற பிறகு, வேலூரில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். கரு நன்றாகத்தான் இருந்தது, ஏன் ஒட்டவில்லை என்று தெரியவில்லை என்றார். மறுபடி முயல்வதற்கு முன் இன்னும் இரண்டு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம். கட்டாயமில்லை, எடுத்தாலும் காரணம் தெரியும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒன்று எனக்கு. கருப்பையின் உட்புறத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது. மற்றது அவருக்கு, விந்தணுவின் டி.என்.ஏ. சேதமாகியிருக்கிறதா என்று.

ஊர் திரும்பும் வழியில் போளூர் தாண்டுவதற்குள் என் கணவர் முடிவு செய்துவிட்டார், எனக்கான டெஸ்ட்டை மட்டும் எடுப்பதென்று. தனக்கு ஆரம்பத்திலேயே பார்த்து நார்மல் என்று சொல்லிவிட்டார்களே என்றார். அப்போது பார்த்தது எண்ணிக்கையும் ஓட்டமும்தான், இது வேறு என்று டாக்டர் சொன்னதை என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் கேட்டிருந்தார்.

எங்கள் ஊரில், செங்கம் ரோட்டில் இருக்கும் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அவர் கார் ஓட்டுகிறார். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். வேறு ஒருத்தனாக இருந்தால் இந்நேரம் இன்னொரு கல்யாணம் பண்ணியிருப்பான் என்று என்னைப் பெற்றவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஊசி குத்திக் குத்தி என் வயிறு நீலம் பாரித்துக் கிடந்தபோதும் அவரைத்தான் பொறுமைசாலி என்றார்கள்.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "நீங்களும் குடுத்தா நானும் குடுக்கறேன். இல்லன்னா ரெண்டும் வேணாம்." வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

குறித்த நாளில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன். என்னை உள்ளே கூப்பிட்டதும், தான் கீழே லேபுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். அங்கி மாற்றிக்கொண்டு கட்டிலில் வெகுநேரம் காத்திருந்தேன். ஏனோ மனம் கேட்கவில்லை. அவர் கொடுத்துவிட்டாரா என்று நர்ஸிடம் கேட்டேன். அந்தப் பெண் லேபுக்குப் போன் செய்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பேரில் யாருமே வரவில்லை என்றாள்.

எழுந்து புடவையைக் கட்டிக்கொண்டேன். அவர் காரில் சீட்டைச் சாய்த்துப் போட்டுப் படுத்திருந்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"நீங்க போகலையாமே."

அவர் சீட்டை நிமிர்த்தி வண்டியை எடுத்தார். ஊர் எல்லை தாண்டியதும் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்குத்தான் கொறைன்னு வந்துட்டா, நான் எப்படி வெளிய தல காட்டறது?"

"இத்தன வருஷமா நான் எப்படி காட்டுனேன்?" என்றேன்.

மறுபடி தேதி குறிக்கலாமா என்று மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டபோது வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மூன்றாவது முயற்சியும் அதோடு நின்றது. அது பலித்திருக்குமா என்று இன்றும் நினைக்காத நாளில்லை. அந்த நினைப்பும் என் தலையில்தான் இருக்கிறது, அவர் தலையில் இல்லை.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த மாமியாரின் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். பரிமாறிக்கொண்டிருந்தேன். டெஸ்ட்டுக்குப் பயந்து பாதியில் எழுந்து வந்துவிட்டாயாமே என்று ஓர் அம்மாள் கேட்டார். அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் கணவர் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்வாரென்று கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவர் அடுத்த கவளத்தை எடுத்தார்.

"அவரு டெஸ்ட் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அதனால நானும் குடுக்கல," என்றேன்.

வந்தவர்கள் அவசரமாகச் சாப்பிட்டு முடித்தார்கள். சீக்கிரமே கிளம்பிப் போனார்கள். அதன்பின் மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்று, "ஆம்பளைய நாலு பேர் எதிர்ல இப்படியா சொல்றது?" என்றார். என் கருப்பையைப் பற்றி அதே கூடத்தில், அதே ஆட்களோடு, என்னை வைத்துக்கொண்டே எத்தனையோ முறை பேசியவர்.

நான் பாத்திரம் கழுவினேன். என் கணவர் மறுநாள் காலை வழக்கம்போல் சவாரிக்குப் போய்விட்டார்.