கந்தசஷ்டியில் ஓடிய அருந்ததி

நாற்பது வயதாகும்வரை அருந்ததி ஓடியதெல்லாம் நூறாம் இலக்க பஸ்ஸைப் பிடிக்கத்தான். கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் மாடி வீடு. இரத்தத்தில் சீனி கூடிக்கொண்டு போகிறது என்று டொக்டர் சொன்னதும் சப்பாத்து வாங்கி, விடிய எழும்பிக் கடற்கரையோரம் ஓடத் தொடங்கினாள்.

அது 2008ஆம் ஆண்டு, போர்க்காலம். ஒரு தமிழ்ப் பெண் காரணமில்லாமல் ஓடினால் பார்த்துக்கொண்டிருக்கும் காலமல்ல. பெண் பொலிஸ் ஒருத்தி அவளை மறித்து, "கொஹெத துவன்னே?" என்று, எங்கே ஓடுகிறாய் என்று கேட்டாள். வீட்டிலிருந்து வீட்டுக்குத்தான் என்று அருந்ததி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்ல, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

பொலிஸைச் சமாளித்தவளுக்கு வயிற்றைச் சமாளிக்கத் தெரியவில்லை. கெதியாய் மெலிய வேண்டுமென்று இரவுச் சாப்பாட்டை விட்டாள். காலையில் பால் விடாத வெறும் பிளேன் ரீயோடு ஓடி, ஒருநாள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கண் இருட்டிக் குந்திவிட்டாள். கடைக்குப் போய் வந்த மேல்மாடி அஸீஸாதான் கையிலிருந்த பனிஸைப் பிய்த்து ஊட்டினாள்.

"நோன்பு புடிக்கிற நாங்களே விடியமுந்தி ஸஹருக்குச் சாப்பிட்டுட்டுத்தான் இருக்கிற. நீங்க என்ன, ஒண்டுமில்லாம ஓடுறீங்க?"

அன்றைக்கே வீட்டுச் சமையல் மாறியது. பொழுதுபட்டதும் தவிட்டரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலை. ஓடுமுன் கப்பல் இன வாழைப்பழம் ஒன்று, ஓடி வந்ததும் தேங்காய்ப்பூப் போட்ட அவித்த பயறு. சில நாள் குரக்கன் மாவில் பிட்டு. இரவு பத்து மணிக்கு ஆட்டிறைச்சிக் கறியோடு பிட்டுச் சாப்பிட்டுப் பழகிய கணவர் இரத்தினசிங்கம், வீட்டில் தனக்கு ஆஸ்பத்திரி வார்ட்டுச் சாப்பாடுதான் என்று தன் கந்தோரெல்லாம் சொல்லித் திரிந்தார். அருந்ததி வற்புறுத்தவில்லை, அவருடைய கறியைத் தனியே வைத்தாள். ஆனால் பயற்றுச் சட்டி அவள் எடுத்ததைவிடக் கூடவே குறைந்துகொண்டு வந்தது.

ஐப்பசியில் அவளுடைய கந்தோர் ஓர் ஓட்டப்போட்டி வைத்தது. தெஹிவளையிலிருந்து கடற்கரையால் கல்கிசைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்த ஞாயிறு கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள். சின்ன வயதிலிருந்து ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் பிடிப்பவள் அவள்.

"ஒண்டில் விரதத்தை விடும், இல்லாட்டி ஓட்டத்தை விடும்," என்றார் இரத்தினசிங்கம்.

"ரெண்டையும் விடமாட்டன். அந்த ஒருநேரத்தில என்ன சாப்பிடுறது எண்டு யோசிச்சாச் சரி."

வழக்கமாகக் கோயிலால் வந்து, கிடைத்ததைப் போட்டுச் சாப்பிட்டுப் படுப்பாள். இம்முறை பயறு, பூசணிக்காய், கீரை, தயிர் என்று அந்த ஒருநேரத்தை நிறைத்தாள். பாலும் பழமும் இளநீரும் விரதத்துக்குப் பிழையில்லை என்று ஐயரிடம் கேட்டும் வைத்தாள். சஷ்டி தொடங்கியதும், போட்டி நாள்வரை காலையில் ஓடாமல் நடந்தாள்.

ஞாயிறு காலை எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். முட்டை அப்பத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்த மனேஜர் முன்னுக்குப் பறந்தார். கல்கிசையில் திரும்பும்போது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்தியிருந்தார். உதவி வேண்டுமா என்று அருந்ததி நின்று கேட்டாள். கையை ஆட்டிப் போகச் சொன்னார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, கால் கனத்தது, தலை மட்டும் சுற்றவில்லை. கடைசிக்கு முந்தின ஆளாய்த்தான் வந்து சேர்ந்தாள். ஆனால் ஓரிடத்திலும் நடக்கவில்லை.

முடிவிடத்தில் இரத்தினசிங்கம் வெட்டிய செவ்விளநீரோடு நின்றார்.

"விரதத்துக்கு இது சரிதானே?" என்று கேட்டு, அவள் தலையாட்டிய பிறகே நீட்டினார்.

பின்னேரம் கோயிலில் விழுந்து கும்பிட்டவளுக்கு எழும்ப முடியவில்லை. தொடை இரண்டும் கட்டையாகிவிட்டன. பக்கத்திலிருந்தவர்கள் அவளுடைய பக்தியைப் பார்த்து ஒதுங்கி வழிவிட, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரத்தினசிங்கத்தின் தோளைப் பிடித்து எழும்பினாள். வீட்டில் அவரே சோறு போட்டார். அவள் இன்னொரு கரண்டி கேட்டாள்.