புற்றுக்குள் போன கை

காட்டில் காளான் கணக்கெடுக்கப் போகிறேன் என்றால் யாரும் அதை ஒரு வேலையாக மதிப்பதில்லை. திருப்பதியில் நான் தாவரவியல் நடத்தும் கல்லூரியில் எதிர் மேசைக்காரர் ஒவ்வொரு முறையும் "பிரியாணிக்கா?" என்று கேட்பார். மூன்று வருஷமாக அதே கேள்வி, அதே சிரிப்பு. எனக்குக் கோபம் வந்தால் வேலை நன்றாக ஓடும். அந்த வகையில் அவர் எனக்கு உதவிதான் செய்தார்.

கார்வேட்டிநகரம் தாண்டி இருக்கும் காப்புக்காட்டில் கயிறு கட்டிப் பன்னிரண்டு கட்டங்கள் குறித்திருந்தேன். மழை பெய்த மூன்றாம் நாள் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குனிந்தபடியே நடந்து, தென்படும் காளானையெல்லாம் படம் எடுத்து, முகர்ந்து பார்த்து, நிறத்தை அங்கேயே எழுதிவிட வேண்டும். காய்ந்த பிறகு எல்லாம் ஒரே பழுப்புதான், பட்டும் தெரியாது பருத்தியும் தெரியாது. துணைக்கு வனத்துறை ஒரு பெண் வாட்சரை அனுப்பியிருந்தது. வெதுருகுப்பம் பக்கத்துக்காரி. தெலுங்கில் திட்டிவிட்டுத் தமிழில் சமாதானம் சொல்வாள்.

காட்டில் எனக்குப் போட்டியாக ஓர் அக்காவும் இருந்தார். அடிவாரத்துச் சிற்றூர். மாந்தோப்புகளில் கூலி வேலை, மழை பெய்தால் காளான் பொறுக்கிப் புத்தூர் ரோட்டில் விற்பது. நான் முதல் பஸ் பிடித்து, மூச்சு வாங்க மேலே ஏறும்போது அவர் நிறைந்த கூடையோடு கீழே இறங்கிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்புக்காகவே நான் மறுநாள் இன்னும் சீக்கிரம் கிளம்புவேன். அப்போதும் அவர்தான் முந்துவார்.

முதல் வருஷம் ஒரே ஒரு தடவை நான் முந்தினேன். ஒன்பதாம் கட்டத்துக்குள் இடுப்புயரப் புற்று ஒன்று. அதன் அடியில் சாம்பல் நிறத்தில், நடுவில் கூர்மையான குமிழோடு நான்கு புற்றுக்காளான்கள். இந்தப் பக்கத்துப் பட்டியல் எதிலும் நான் பார்த்திராத வகை.  உடனே என்ன செய்தேன் தெரியுமா? மண்மட்டத்தில் கத்தியை வைத்து நறுக்கென்று அறுத்தேன். நகரி பக்கத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் எடுப்போம். வேரோடு பிடுங்கினால் அடுத்த வருஷம் வராது, புற்றை நோண்டினால் நாகம்மாவுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கை அது. எம்.எஸ்சி. படித்தது தலை மட்டும்தான்.

புற்றுக்காளானுக்கு வேர் மாதிரி ஒரு நீளமான தண்டு மண்ணுக்குள் இறங்கும். கீழே கறையான்கள் கட்டி வைத்திருக்கும் பூஞ்சை அடையிலிருந்துதான் அது முளைத்து வருகிறது. அந்தத் தண்டும் அடையும் இல்லாமல் இன்ன வகை என்று அடித்துச் சொல்ல முடியாது. என் பிஎச்.டி. வழிகாட்டிப் பேராசிரியர் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வெறும் குடை, குடைக்குப் பெயர் வைக்க முடியாது என்றார். முழுதாகக் கொண்டுவந்தால் பட்டியலில் சேரும், இல்லாவிட்டால் இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் வருஷம் மழை பொய்த்தது. மூன்றாம் வருஷம்தான் கடைசி. தோண்டுவதற்கான அனுமதி அந்த ஐப்பசி மழையோடு முடிகிறது. புதர் மண்டினாலும் புற்று கண்ணுக்குத் தப்பக் கூடாது என்று ஆனி மாதமே அதைச் சுற்றி ரிப்பன் கட்டிவிட்டு வந்தேன். சிவப்புக் கட்டாதீங்க, செம்மரத்துக்குப் போட்ட குறியோடு குழம்பிவிடும் என்று வாட்சர் முன்பே எச்சரித்திருந்தாள். அதனால் மஞ்சள் ரிப்பன் வாங்கினேன். பளிச்சென்ற மங்கல மஞ்சள். அதில் என்ன கோளாறு இருக்கிறதென்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளி கழிந்து நாகுல சவிதி வந்தது. ஊருக்கு ஊர் புற்றுக்குப் பால் ஊற்றும் நாள். அதற்கடுத்து இரண்டு நாள் விடாத மழை. மழை விட்ட மூன்றாம் நாள் காலை ஒன்பதாம் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, அப்படியே நின்றுவிட்டேன். என் புற்று தலையிலிருந்து கால்வரை, மழை விட்டபின் புதிதாக, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் முட்டை ஓடு, ஊறிப்போன எள்ளுருண்டை. யாரோ மஞ்சள் துணி கட்டி வேண்டிக்கொண்ட புற்று, சக்தி உள்ளது என்று அடிவாரத்தில் பேச்சாகி, இந்த வருஷம் மொத்த ஊரும் இங்கேதான் வந்து பால் ஊற்றியிருக்கிறது.

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கியபோதுதான் கவனித்தேன். புற்றைச் சுற்றிக் காளான்கள். ஏழு. எண்ணி எண்ணிப் பார்த்தேன், ஏழேதான். கூர்மையான அதே குமிழ். மற்ற நாளாக இருந்தால் விடிவதற்குள் கூடைக்குப் போயிருக்கும். நாகம்மாவுக்குப் பிடித்த குடை என்று யாரும் தொடவில்லை. என் போட்டிக்கார அக்கா இன்னும் நாலைந்து பெண்களோடு அங்கே கும்பிட்டுக்கொண்டு நின்றார், கூடையே இல்லாமல்.

வாட்சர் என் காதோரம் வந்து, மேடம் இன்றைக்கு வேண்டாம் என்றாள். எனக்கு இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை. பையில் அனுமதிக் கடிதம் இருந்தது. அதைக் காட்டி மிரட்டுவது அசிங்கம் என்றும் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று அக்காவிடமே போனேன்.

"அந்த ரிப்பன் நான் கட்டுனதுக்கா. அடையாளத்துக்குக் கட்டுனது. வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நீதான் கட்டுன, சரி. உன்னைக் கட்ட வெச்சது யாரு?"

இருபது வருஷம் பாடம் நடத்தியவள் நான், இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.  அந்த இடத்திலேயே கீழே உட்கார்ந்துகொண்டேன். எடுக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். அரைமணி நேரம் அவர்களுக்குள் பேச்சு, பாதி தமிழில், பாதி தெலுங்கில். கடைசியில் அக்கா வந்து தீர்ப்புச் சொன்னார். புற்றை ஒட்டி இருக்கும் ஆறையும் தொடக் கூடாது. காலடியில், ஒரு முழம் தள்ளி முளைத்திருக்கும் ஒன்றை மட்டும் தோண்டலாம். என் கையாலேயே முதலில் பால் ஊற்ற வேண்டும். "ஆனா அம்மா ஊட்டுக்குள்ள உன் கை போகக்கூடாது. அது மட்டும் சொல்லிட்டேன்."

கும்பிட்டுப் பழக்கமில்லாதவள் நான். பாலை ஊற்றினேன். குறிப்பேட்டில், மண்ணில் பால் கலந்துள்ளது, ஏறக்குறைய ஒரு டம்ளர் என்றும் எழுதினேன். அறிவியலுக்கும் வஞ்சனை வேண்டாமே.

மண்வெட்டி போட்டால் தண்டு ஒடிந்துவிடும். ஸ்பூனும் பெயின்ட் பிரஷும்தான். காளானிலிருந்து இரண்டு சாண் தள்ளிக் குழி பறித்து, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டே இறங்கினேன். தண்டு சுண்டுவிரல் கனத்தில் தொடங்கி, போகப்போக மெலிந்து, புற்றின் பக்கமாகச் சாய்ந்து கீழே போனது. தூறல் போட்டது. பெண்கள் போகவில்லை. ஒருத்தி குழிக்கு மேல் குடை பிடித்தாள், ஒருத்தி சேறான மண்ணை அள்ளி அப்பால் போட்டாள். எந்தப் புற்றில் எந்தப் பாம்போ என்று வாட்சர் கையில் தடியோடு காவல் நின்றாள். கறையான் கடித்துக் கடித்து என் விரலெல்லாம் தடித்துப்போனது. இடுப்பு விட்டுப்போயிற்று. மத்தியானம் வரை குப்புறப் படுத்தே தோண்டினேன்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னார். மகளுக்கு இரண்டு தடவை கலைந்துவிட்டது. இப்போது ஏழாம் மாதம். அதற்குத்தான் இந்தப் புற்றில் வேண்டுதல். நான் கட்டிய ரிப்பனில் அவர் எதை முடிந்து வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் ஸ்பூனை இன்னும் மெதுவாக இறக்கினேன்.

முழங்கை ஆழத்துக்கும் கீழே தண்டு ஒரு பொந்துக்குள் நுழைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கறையான் அடை, சாம்பல் நிறத்தில், தேனடை போல. தண்டு நேராக அதில்தான் முடிகிறது. மூன்று வருஷமாகத் தேடியது ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆனால் அது புற்றின் உள்வீடு. குழிக்குள் தலையை விட்டுக் கிடந்தவள் நான் மட்டும்தான். கையை நீட்டிக் கொஞ்சம் பிட்டுக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. நீட்டலாம் என்றுதான் நினைத்தேன். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

நீட்டவில்லை. வெளியே வந்து, மண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லிவிட்டேன். தண்டு மட்டும் வந்தால் போதாது, கட்டைவிரல் அளவாவது அந்த அடை ஒட்டி இருக்க வேண்டும், கை உள்ளே போகாமல் அது வராது என்றேன்.  நான் ஸ்பூனைப் பையில் போட்டேன்.

அக்கா வெற்றிலையைத் துப்பினார். வளையலை மேலே தள்ளினார். நான் எழுந்திருப்பதற்குள் அந்தச் சேற்றில் குப்புறப் படுத்து, குழிக்குள் தோள்வரை கையை விட்டார்.

"வேணாங்கா. உன் பொண்ணை நெனச்சுப் பாரு" என்றேன். 

அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார். "காலையிலேர்ந்து நீ மண்ணுல கெடந்ததை அந்த அம்மாவும்தான பாத்துக்கினு இருந்தா? பாவம் வந்தா என்னோட போவட்டும்."

கை வெளியே வந்தபோது தண்டு ஒடியவில்லை. நுனியில் அடையின் ஒரு துண்டு, வெள்ளை மணிகள் பதிந்து, உயிரோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பெண்கள் குழியை மூடி மறுபடி மஞ்சள் தெளித்தார்கள்.

மாதிரி தேறியது. பேராசிரியர் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு, பட்டியலில் சேர்த்துக்கொள் என்றார். மூன்று வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காலண்டரில் மார்கழி, தை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, சாபத்திலும் கிடையாது. இருந்தும் அந்த இரண்டு மாதம் வாட்சரின் எண் போனில் வந்தால் இரண்டு மணி அடித்த பிறகே எடுப்பேன்.

தை மாதம் ஒரு நாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அழைத்தாள். பிள்ளைகளை விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

"மேடம், பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. அக்கா உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லச் சொன்னா."

சரி சரி என்று போனை வைத்தேன். பிறகு வராந்தாவிலேயே சுவரோரமாக உட்கார்ந்து அழுதேன். எதிர் மேசைக்காரர் அந்தப் பக்கம் வந்தவர், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.