தரையில் வைத்த கத்தி

கல்யாணமாகி அறந்தாங்கிக்கு வந்த ஆறு மாதத்தில் ஐந்து கட்டர் கத்திகள் தொலைந்தன. கணவர் சிங்கப்பூரில் இருந்தார். வீட்டில் நானும் அவர் அம்மாவும் மட்டும்தான். இன்ஜினியரிங் படித்த பழக்கத்தில் கத்திகளுக்கு நம்பர் ஒட்டி, எது எங்கே இருக்க வேண்டும் என்று அலமாரிக் கதவில் பட்டியலும் ஒட்டியிருந்தேன். பலனில்லை. கேட்டால் அத்தை கத்தியைக் கையில் தரமாட்டார். தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். நான் உடனே எடுக்காவிட்டால் அது பழைய பேப்பரோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும்.

என்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவுகட்டினேன். அம்மா வீட்டோடு போய்விட நினைத்து, துணிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். கயிறு நறுக்கக் கத்தி கேட்டேன். அப்போதும் தரையில்தான் வைத்தார்.

"கையில குடுத்தா என்னங்கத்த? அப்படி என்ன கோவம் எம்மேல?"

அத்தை திகைத்துப்போனார்.

"கோவமா? கத்திய கையில குடுத்தா சண்டை வந்துரும்னு சொல்லுவாகளே, ஒனக்குத் தெரியாதா? ஒங்கூட சண்டை வந்துட்டா நான் வேற யாருகிட்ட ஆத்தா பேசுவேன்?"

பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன்.

இப்போது நானும் கத்தியைத் தரையில் வைத்துத்தான் கொடுக்கிறேன். போன வாரம் ஆறாவதும் தொலைந்தது. இருவரும் சேர்ந்துதான் தேடினோம்.