பலெர்மோவில் ஓர் அறை

ஒஸ்லோ நிலையத்தில் ஹொல்ம்லியா ரயிலுக்காகக் காத்திருக்கிறேன். என் கையிலிருக்கும் தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் பேச்சுக் கொடுக்கிறார். கைபேசியில் இத்தாலியில் தங்க அறை தேடிக்கொண்டிருக்கிறார்.

"இவருக்கு வெனிஸ் பாக்க ஆசை. நான் பலெர்மோதான் எண்டு நிக்கிறன். அங்கைதான் அக்கா இருக்கிறா. கோவிச்சு ஒன்பது வருசமாக் கதைக்கேல்லை."

"அப்போ அக்கா வீட்டுலயே தங்கலாமே?"

"நானா என்னெண்டு கேக்கிறது?"

அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் ஓர் அறையைப் பதிவு செய்கிறார். அதன் முகவரியையும் வரும் தேதியையும் மட்டும் அக்காவுக்கு அனுப்புகிறார். ரயில் வருவதற்குள் பதில் வந்துவிடுகிறது. கண் கலங்கியதால் கைபேசியை என்னிடம் நீட்டுகிறார். நான் வாசிக்கிறேன்.

"அறையை விடு. வீட்டிலை கட்டில் கிடக்கு."

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்று சிரிக்கிறார்.

மறுபடியும் வாசிக்கிறேன், கொஞ்சம் உரக்கவே.